பூ லாரியும் ஒரு மக்காச்சோளத் தக்கையும்

மாமனார் வீட்டில் மருமகன் என்பவன் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும், மரியாதை தானாக இலைக்கு வந்துவிடும். எழுந்து போய் எதையாவது சரி செய்கிறேன் என்று கிளம்பும்போதுதான் சனி பிடிக்கிறது. திண்டுக்கல்லில் கைப்பேசிக் கடை வைத்திருக்கும் எனக்கு, கல்யாணமான முதல் வருடத்தில் இது தெரியவில்லை.

மாமாவுக்கு நிலக்கோட்டைப் பக்கம். பூவும் காய்கறியும் ஏற்றும் பழைய லாரி ஒன்று வைத்திருக்கிறார். என் மனைவி செல்வியைவிட அது வயதில் மூத்தது. வீட்டில் செல்லமும் அதற்குத்தான் அதிகம் (செல்வியே சொன்னது, நான் இல்லை). ஒரே குறை, ஆயில் வாடை. தேய்ந்த இஞ்சினுக்குள் சேரும் ஆயில் புகை வெளியேறுவதற்காக, பக்கவாட்டில் பிரீதர் பைப் என்று ஒரு குழாய் கீழ்நோக்கித் தொங்கும். வண்டி ஓடினால் அதன் வாயிலிருந்து புகை வரும். நின்றால் ஆயில் சொட்டும்.

கொழுந்தியாள் மீனாவுக்குத் திண்டுக்கல் மண்டபத்தில் கல்யாணம். "எம் மக கல்யாணத்துப் பூ எம் வண்டியிலதான் போகணும்" என்று மாமா ஒற்றைக்காலில் நின்றார். "மல்லியப்பூவுல ஆயில் வாடை அடிச்சா சம்பந்தி வீட்டுல என்ன நெனப்பாக?" என்று அத்தை முனகினார்.

மாமா என் பக்கம் திரும்பினார். "மாப்ள, செத்த நேரம் அந்த பிரீதர் பைப்பக் கழட்டி, உள்ள இருக்க வலையோட டீசல்ல அலசி மாட்டிருங்க. அடப்பு இல்லாம இருந்தாப் போதும்."

கழற்றினேன், அலசினேன், மாட்டினேன். இஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தால், அடைப்பு நீங்கிய சந்தோஷத்தில் புகை முன்னைவிடத் தாராளமாக வந்தது. நாளைக்கு மண்டபமே மூக்கைப் பொத்தப் போகிறது, வேலை பார்த்தது யாரென்று ஊரே கேட்கப் போகிறது என்று சுற்றுமுற்றும் தேடினேன். களத்தில் முத்துகளை உதிர்த்தபின் போட்ட மக்காச்சோளத் தக்கைகள் குவிந்து கிடந்தன. எங்கள் பக்கத்தில் மண்ணெண்ணெய் கேனுக்கு மூடி தொலைந்தால் தக்கைதான் மூடி. குழாய் வாய்க்கு அளவெடுத்ததுபோல ஒன்று கிடைத்தது. துணி சுற்றிக் கல்லால் தட்டி இறக்கினேன். பூக்கட்டும் வாழை நாரால் இறுக்கிக் கட்டவும் செய்தேன். புகை நின்றது, சொட்டுவதும் நின்றது.

மாமா வந்து மோந்து பார்த்தார். "வாடையே இல்லியே. அலசுனதுக்கே இம்புட்டா மாப்ள?"

நான் அடக்கமாகச் சிரித்தேன் (அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் என்னை நானே அறையலாம்போல் இருக்கிறது).

மறுநாள் விடிந்ததும் மார்க்கெட்டில் மணமாலைகளையும் மல்லிகைக் கூடைகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். நேராக மணவறைக்குப் போகும் கோலத்தில், பட்டு வேட்டி சட்டையோடு மாமாதான் ஓட்டினார். அந்த லாரியில் இஞ்சின் கேபினுக்குள்ளேயே, எங்கள் இருவருக்கும் நடுவில், ஒரு மூடிக்கு அடியில் இருக்கும். மண்டபத்தில் மாலையும் இல்லை, பெண்ணைத் தாரை வார்க்க அப்பாவும் இல்லை. இரண்டும் இந்த வண்டியில்தான் போய்க்கொண்டிருந்தன.

கொடைரோடு வரை மாமா என் கைராசியைப் புகழ்ந்துகொண்டே வந்தார். அதற்கப்புறம் மூடிக்கு அடியில் 'உஸ்' என்று ஒரு சத்தம் ஆரம்பித்தது. என் கால் பக்கம் சூடான வாடை.

"ஆயில் வாடை வருதோ மாப்ள?"

"பூ வாடை மாமா."

சொல்லிவிடலாமா? சொன்னால் வண்டியை நிறுத்துவார், முகூர்த்தம் போய்விடும். சொல்லாவிட்டால் வண்டி தானாக நிற்கும், அப்போதும் போய்விடும். அந்த நேரம் பார்த்துச் செல்வி போன் செய்தாள். "ஏங்க, எங்க வாரீக? ஐயர் மாலை எங்கன்னு கேக்குறாரு. மாலை வந்தா அப்பா எங்கன்னு கேப்பாரு."

"இந்தா வந்துட்டோம்" என்றேன்.

சின்னாளபட்டி தாண்டியதும் 'டப்'. ஆயில் அளவு பார்க்கும் கம்பி பிய்த்துக்கொண்டு கிளம்பி மூடியில் மோதியது. மூடியின் இடுக்கு வழியாகக் கறுப்பு ஆயில் சாரலாகத் தெறித்தது. என் பக்கம் ஒரு சொட்டு வரவில்லை. மொத்தமும் மாமாவின் பட்டு வேட்டிக்குத்தான். ஓரம் கட்டி இஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே குனிந்து பார்த்தார். வழியெல்லாம் ஆயில் கோடு. ஆயில் இல்லாமல் வண்டி இனி நகராது.

"அலசத்தான மாப்ள சொன்னேன்?"

"அலசுனேன் மாமா. பொறவு தக்கை வச்சேன்."

"எங்க?"

"பைப்பு வாயில."

நாரை அறுத்துத் தக்கையைப் பிடுங்கினார். குழாய் ஒரு பெருமூச்சு விட்டது. "உள்ள இருக்க காத்து எங்கிட்டுப் போகும் மாப்ள?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. மாலைக்காகக் காத்திருக்கும் மீனாவை நினைத்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

நடுரோட்டில் போய் இரண்டு கையையும் விரித்து நின்று ஒரு பஸ்ஸை மறித்தேன் (வாழ்க்கையில் நான் செய்த ஒரே வீரம்). கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "லக்கேஜா, கல்யாணமா?"

"ரெண்டும்ணே."

மாலைகள் பயணிகளின் மடியில் ஏறின. கூடைகளை ஆளுக்கொன்றாக வாங்கி வைத்துக்கொண்டார்கள். மாமாவுக்கு எழுந்து இடம் கொடுத்தவர்கள், வேட்டியைப் பார்த்துக் கொஞ்சம் தள்ளியே நின்றார்கள். புண்ணியவான் டிரைவர் மண்டப வாசலிலேயே நிறுத்தினார்.

முகூர்த்தம் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. மாற்றுத் துணி தேட நேரமில்லை. மாமா அப்படியே மணவறையில் ஏறினார். மீனா அப்பாவின் வேட்டியைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தாள். மணவறையிலேயே குலுங்கிச் சிரித்துவிட்டாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அன்று பிய்ந்த ஆயில் சீல்களையெல்லாம் மாற்றி லாரி இன்றும் ஓடுகிறது. கல்யாண ஆல்பத்தில் மாமாவின் வேட்டி புலித்தோல்போல் இருக்கிறது. மீனாவின் குழந்தைக்குச் சளி பிடித்தால் எனக்குப் போன் வரும்: "அத்தான், பிள்ளைக்கு மூக்கு அடச்சிருக்கு. நாங்களே பாத்துக்கிறோம், நீங்க வந்துறாதீக."

அந்தத் தக்கையை மாமா தூக்கிப் போடவில்லை. லாரியின் முன்னால் திருஷ்டிக்குக் கட்டும் எலுமிச்சம்பழம், மிளகாயோடு சேர்த்து அதையும் தொங்கவிட்டிருக்கிறார். பழமும் மிளகாயும் அடிக்கடி மாறும். தக்கை மட்டும் மாறாது. மார்க்கெட்டில் யாராவது அது எதற்கு என்று கேட்டால், நான் பக்கத்தில் நின்றாலும் கூசாமல் சொல்வார்:

"எலுமிச்சம்பழம் ஊர்க் கண்ணுக்கு. தக்கை எங்க மாப்ள கைக்கு."