நகருங்கள், மெர்வ் வந்துவிட்டார்

‘கொஞ்சம் நகரு, நான் பார்க்கிறேன்’ என்றொரு மனித இனம் உண்டு. இவர்களுக்குக் கணினி தெரியாது. கணினி தெரியாதவர்களை நன்றாகத் தெரியும். பிழைப்புக்கு அது போதாதா?

ஆஸ்திரேலியாவின் ஆட்டுப்பண்ணைகளுக்கு நடுவே கிடக்கும் எங்கள் வில்லாபின் வட்டாரத்தில் இந்த இனத்தின் தலைவர் மெர்வ். அரைக்கால் சட்டை, முழங்கால்வரை காலுறை, சட்டைப் பையில் பென் டிரைவ் சகிதம் வருவார், வந்ததும் தேநீர் கேட்பார், லாமிங்டன் கேக் இருக்கிறதா என்று விசாரிப்பார், திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார், பிறகு திருவாய் மலர்வார்: “யாரு இதைப் போட்டது?” முன்னால் வந்தவன் முட்டாள் என்று நிலைநாட்டாமல் அவர் மவுஸைத் தொடமாட்டார்.

போன செவ்வாய்க்கிழமை பக்கத்துப் பண்ணை நொலீன் வீட்டில் அதை நேரில் பார்த்தேன். அவர் கணவர் டெஸ்ஸுக்கு இதயக் கோளாறு. சிட்னி மருத்துவர் வீடியோவில்தான் பார்ப்பார்; அந்த நேரம் கிடைப்பதற்குள் கோடை போய்க் குளிர் வந்துவிட்டது. அன்று பார்த்துக் கணினியைத் திறந்தவுடன் வைரஸ் தடுப்பு மென்பொருளின் சிவப்புப் பெட்டி: ‘ஆபத்து!’ அதை மூடினால் இன்னொன்று. எங்கள் பள்ளத்தில் கைப்பேசிக்கு சிக்னலும் கிடையாது. நொலீன் பதறிப்போய் வீட்டுத் தொலைபேசியில் மெர்வைக் கூப்பிட்டுவிட்டார்.

“பயப்படாத கண்ணு. காவக்காரன் கத்துறான்னா தனியா இருக்கப் பயப்படுறான்னு அர்த்தம். துணைக்கு ஒருத்தனைப் போடுவோம்.”

போட்டார். கணினி மறுபடி எழுந்தது. இப்போது பழையவன் புதியவனை வைரஸ் என்றான், புதியவன் பழையவனை வைரஸ் என்றான், நடுவில் மூன்றாவதாக ஒருவன் இருவரையும் திருடர்கள் என்றான்.

“மெர்வ், டாக்டர் வந்திருப்பாரு!” என்றார் நொலீன்.

“ஒரே நிமிஷம்.”

இந்த இனத்தாரின் ஒரு நிமிடத்தில் நாம் ஒரு ஆட்டு மந்தைக்கே ரோமம் கத்தரித்துவிடலாம்.

“பிடிச்சுட்டேன்! உள்ள ஏற்கெனவே ரெண்டு பேர் அடிச்சுக்கிட்டுக் கெடந்திருக்கானுங்க. எந்த மடையன் ஒண்ணு இருக்கும்போதே இன்னொண்ணு போட்டான்?”

“நீதான் மெர்வ்,” என்றார் டெஸ், மூச்சிரைத்தபடி. “போன கிறிஸ்துமஸுக்கு.”

வெட்கப்பட்டார் என்றா நினைக்கிறீர்கள்?

“நான் போட்டப்ப நல்லாத்தானே இருந்துச்சு! அதுக்கப்புறம் யாரு கை வச்சது?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டெஸ்ஸைக் கைத்தாங்கலாக என் பிக்-அப்பில் ஏற்றி, நொலீனையும் அழைத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் தண்ணீர்த்தொட்டி மேட்டுக்கு ஓட்டினேன். மருத்துவர் கிளம்பும் நேரத்தில் பிடித்தோம். கைப்பேசியில் டெஸ்ஸின் வீங்கிய காலையும் அவர் சாப்பிடும் மாத்திரை டப்பாவையும் பார்த்தவர் முகம் மாறியது. “அந்த மாத்திரையை இப்பவே நிறுத்துங்க. ஹெலிகாப்டருக்குச் சொல்றேன், அங்கேயே இருங்க. இன்னைக்கு விட்டிருந்தா…” என்றார். நொலீன் அழுதுவிட்டார்.

டெஸ் பிழைத்துக்கொண்டார். அன்று நான் திரும்பி வந்தபோது திரை கறுப்பாக இருந்தது, கேக் தட்டு காலியாக இருந்தது. “முடிஞ்சுது, ஒரே நிமிஷம்,” என்றார் மெர்வ்.

இவ்வளவு நேரமும் ‘ரெண்டைத் தூக்கினால் சரியாகியிருக்குமே, நான் மட்டும் அங்கே இருந்திருந்தால்…’ என்று முணுமுணுத்துக்கொண்டிருந்த வாசகரே, தயவுசெய்து வில்லாபின் பக்கம் வராதீர்கள். நொலீன் கதவைத் தாழிட்டு வைத்திருக்கிறார்.