வெள்ளிக் கோப்பையும் வேப்பங்கட்டையும்

எங்கள் வீட்டு ஷோகேஸில் ஒரு வெள்ளிக் கோப்பை இருக்கிறது. பழைய கார்ப் பந்தயத்தில் என் கணவர் ஜெயித்தது. வருகிறவர்கள் அதைப் பார்த்து அவரைப் பாராட்டும்போது நான் போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொள்கிறேன். அவ்வளவு வெட்கம். எழுதிவிட்டாலாவது கொஞ்சம் குறையுமா பார்க்கிறேன்.

என் கணவர் அச்சுதன் ரிட்டயர் ஆன மறுமாதம், குடவாசலில் யாருடைய கொட்டகையிலோ கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்த ஒரு காரை வாங்கி வந்தார். ஐம்பத்தாறாம் வருஷத்துக் கார். கோழிகளை இறக்கிவிட்டு மெக்கானிக் மூஸாவை ஏற்றினார். ஆறு மாதத்தில் அது ஓடியது. உடனே விண்டேஜ் கார் கிளப்பில் மெம்பர். உடனே ஒரு தொப்பி. உடனே தோல் கையுறை, தஞ்சாவூர் வெயிலில்!

"வருஷாந்திர ரேஸ் வருது பிரகதி. தஞ்சாவூர்லேர்ந்து பூம்புகார். நீதான் என் நேவிகேட்டர்."

"அப்படின்னா?"

"பக்கத்துல உக்காந்து வழி சொல்றவ."

"முப்பது வருஷமா வேற என்ன செய்யறேன்?"

"நீ சொல்றதை நான் கேக்கணும். இதுல அப்படி ரூல் இருக்கு."

ரூல் என்றதும் பத்துப் பக்க ஆங்கில நோட்டீஸ் ஒன்றை என்னிடம் கொடுத்தார். "உன் கான்வென்ட் இங்கிலீஷுக்கு இது எம்மாத்திரம்?" முதல் பக்கத்திலேயே ஏழு தப்பு. சிவப்புப் பேனாவால் திருத்தினேன். மூன்றாம் பக்கத்தில் பொறுமை போயிற்று. தூக்கிப் பரணில் போட்டேன்.

"என்ன போட்டிருக்கு?"

"தொப்பி போடலாம். தேவையில்லாம ஹார்ன் அடிக்கக் கூடாது."

இவ்வளவுதான் எங்கள் இருவருக்கும் தெரிந்த ரூல்.

பழகிப் பார்க்க ஒரத்தநாட்டுப் பக்கம் போனோம். அறுவடை முடிந்த சமயம். பாதி ரோட்டில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. எண்பதில் போன என் கணவர் நெல்லைப் பார்த்தார்; நெல்தான் ஒதுங்கும் என்று நினைத்துவிட்டார். காருக்குப் பின்னால் தங்க மழை. காருக்கு முன்னால் நெல்லுக்குச் சொந்தக்காரி நாகம்மாள். இடுப்பில் கை, அருகில் துடைப்பம். நடுரோட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"தொப்பிக்காரரே, இறங்குங்க. ஒரு மணி விடாம பொறுக்கிட்டுப் போங்க."

கையுறையோடு பொறுக்கினார். நான் கூட்டினேன். ஒரத்தநாட்டு பஸ் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனது. பிறகு நாகம்மாள் என் பக்கம் திரும்பினாள்.

"ஏம்மா, படிச்சவங்களாத் தெரியுது. இந்த மனுசனைப் புடிச்சு வெக்கத் தெரியலியா?"

பன்னிரண்டு வருஷம் கான்வென்டில் படித்தேன். எந்த சிஸ்டரும் என்னை அப்படித் தலைகுனிய வைத்ததில்லை. இன்றைக்கு நெல், நாளைக்கு நாகம்மாளே சக்கரத்தின் முன்னால் வந்து நின்றால்?

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"காரை வித்துடுங்க."

"ரேஸ்ல தோத்தா கிளப்பையே விட்டுடறேன். ஜெயிச்சா அடுத்த மாசம் சென்னை டிராக்ல வேகப் பந்தயம். நூத்து இருபதுல போவேன். சம்மதமா?"

"சத்தியமா?"

"கார் மேல சத்தியம்."

என் மேல் செய்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

மறுநாள் அவர் தூங்கும் மத்தியான நேரத்தில் மூஸாவைக் கூப்பிட்டேன்.

"வண்டி நாப்பதைத் தாண்டக் கூடாது மூஸா. என்ன பண்ணலாம்?"

"ஆக்சிலேட்டருக்கு அடியில ஒரு கட்டை வெச்சா, முழுசா மிதிக்க முடியாதுக்கா. சார் பாத்துட்டா?"

"அவர் தொப்பிக்குக் கீழ எதையும் பாக்கறதில்லை. வை. வெளிய மூச்சு விடாதே."

"என் வாய்க்கும் ஒரு கட்டை வெச்சுக்கறேன்கா."

வேப்பங்கட்டை. தீப்பெட்டி அளவுதான்.

ரேஸ் அன்று காலையில் பன்னிரண்டு கார்கள் கிளம்பின. கும்பகோணம் வருவதற்குள் பதினொன்று எங்களைத் தாண்டிப் போய்விட்டன. பிறகு டவுன் பஸ் தாண்டியது. கரும்பு ஏற்றிய டிராக்டர் தாண்டியது. மயிலாடுதுறைக்கு முன்னால் மொபெட்டில் ஒரு பால்காரர் கூடவே வந்து குனிந்து பார்த்தார்.

"ரிப்பேருங்களா சார்? தள்ளி விடணுமா?"

என் கணவர் தொப்பியைக் கழற்றிப் பின் சீட்டில் வைத்தார்.

"வண்டி இழுக்கவே மாட்டேங்குது பிரகதி."

"வயசாச்சு இல்ல?"

"வண்டிக்கா?"

"ரெண்டுக்கும்."

அவர் காது சிவந்தது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. நாகம்மாளை நினைத்து மனத்தைக் கல்லாக்கிக்கொண்டேன்.

பூம்புகாரில் மற்றவர்கள் டிபனை முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். கிளப் தலைவர் விஸ்வா மைக்கைப் பிடித்தார்.

"நான்காம் பக்கத்திலேயே தெளிவா போட்டிருந்தோம். இது வேகப் பந்தயம் இல்லை. சராசரியா முப்பத்தஞ்சு கிலோமீட்டர் வேகத்துல, குறிச்ச நேரத்துக்கு வந்து சேரணும். எல்லாரும் பறந்துட்டீங்க. நாற்பதே விநாடி வித்தியாசத்துல வந்தவர் ஒருத்தர்தான். அச்சுதன் சார்!"

நான்காம் பக்கம். நான் மூன்றில் நிறுத்தியிருந்தேன்.

என் கணவர் ஒரு விநாடி திகைத்தார். ஒரே ஒரு விநாடி. பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு மேடை ஏறினார்.

"எல்லாம் பாதத்தோட பக்குவம்! வண்டி இழுக்கலைன்னு வழியெல்லாம் நடிச்சேன். என் சம்சாரமே நம்பிட்டா."

கைதட்டல். தலைவரின் மனைவி ரோஹிணி என் கையில் மைக்கைத் திணித்தார். "நீங்க சொல்லுங்க, எப்படி இவ்வளவு நிதானம்?"

என் கணவர் முகத்தைப் பார்த்தேன். கல்யாணத்தன்றுகூட அவர் அப்படிச் சிரிக்கவில்லை.

"அவர்... எப்பவுமே நிதானம்தான்," என்றேன். ஊரறிந்த பொய். நாக்கு கூசியது.

அன்று மாலையே சென்னைக்குப் போகும் பேச்சு ஆரம்பித்துவிட்டது. இனி வழியில்லை. விஷயத்தைச் சொன்னேன். ஷெட்டுக்குப் போனவர் கட்டையோடு திரும்பி வந்தார். அதைக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அப்ப என் பாதம்?"

"கட்டை மேலதான் இருந்தது."

"கிளப்புக்குத் தெரிஞ்சா மானம் போயிடும் பிரகதி."

"நீங்க சென்னைக்குப் போகலேன்னா யாருக்கு ஏன் தெரியப்போகுது?"

"இது பிளாக்மெயில்!"

"ஆமாம்."

கான்வென்டில் சொல்லிக்கொடுத்தது இல்லை. சொந்தமாகக் கற்றது. அதற்கும் சேர்த்து வெட்கப்படுகிறேன்.

அவர் அடங்கினார். ஆனால் கிளப்புக்குக் காரணம் சொல்ல வேண்டாமா? என்னைக் கேட்காமலேயே போனில் சொல்லிவிட்டார்: "சம்சாரத்துக்குத் தலைசுற்றல். எழுந்திருக்கவே முடியலை. இந்த நிலைமையில நான் எப்படி டிராக்குக்கு வர்றது?"

ஆகவே ஐந்து நாளாக நான் படுக்கையில். ஆப்பிளும் சாத்துக்குடியுமாக கிளப்பே வந்து பார்க்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் காப்பி போட்டுக்கொடுப்பது அவர். தன் பொய்யைத் தானே ஆற்றிக் குடிக்கிறார். எனக்கும் அந்தக் கழுநீரில் ஒரு டம்ளர் வருகிறது. அதுதான் எனக்குத் தண்டனை.

நேற்று ரோஹிணி வந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு முனகினேன். என் கணவர் காப்பி போட உள்ளே போனதும், ரோஹிணி போர்வையைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து என் காதில் சொன்னார்:

"பதினோரு வீட்டுக்கும் கட்டை வேணும் பிரகதி. விஷயத்தை உளறிட்டு, நீங்க சொன்னாத்தான் செய்வேன்னு மூஸா பிடிவாதம் பிடிக்கறான்."