ஜே பி யு கே என்றொரு கல்யாணப் பாட்டு

கம்ப்யூட்டரைப் புதிதாகக் கற்றுக்கொண்டவனிடம் கல்யாண வேலை எதையும் கொடுக்கக் கூடாது. வாழைமரம் கட்டச் சொல்லுங்கள், கட்டுவான். கம்ப்யூட்டர் பக்கம் மட்டும் விட்டுவிடாதீர்கள். நானே சாட்சி.

பாம்பன் பாலம் தாண்டி இருக்கிற எங்கள் ஊர் மாதா கோயிலில், என் அக்கா ஜெசிந்தா சுருதி எடுத்துக் கொடுக்காமல் எந்தப் பூசையிலும் பாட்டு எழும்பாது. ஆனால் கல்யாணப் பெண் தன் பூசையில் தானே பாட முடியாதே (முக்காட்டுக்குள் தலை குனிந்திருப்பதுதான் எங்கள் வழக்கம்). தன் கல்யாணப் பூசை ஊமையாகிவிடுமோ என்று அவளுக்கு ஒரே கவலை.

"ஏலே, எல்லாருக்கும் பாட்டுத்தாள் அடிச்சிரு," என்றாள்.

"தாளா? எந்தக் காலத்துலக்கா இருக்க? புரொஜெக்டர் வச்சு சுவத்துல பெருசாக் காட்டுறேன், சனம் நிமிந்து பாத்துப் பாடும்," என்றேன்.

வீட்டில் உட்கார்ந்து எல்லாப் பாட்டையும் தட்டச்சு செய்து, பென் டிரைவில் கோயில் லேப்டாப்புக்குக் கொண்டுபோனேன். (முன்னாடியே போட்டுப் பார்த்தாயா என்கிறீர்களா? மேதைகள் அதெல்லாம் செய்வதில்லை.)

கல்யாணத்தன்று கோயில் நிரம்பிவிட்டது. ஃபாதர் தலையசைத்தார். பட்டனைத் தட்டினேன். ‘திருமணத் திருப்பலி’ தெரிய வேண்டிய சுவரில் ஆளுயரத்துக்கு நின்றது இது: jpUkzj; jpUg;gyp.

"ஏலே, இது லத்தீன் பூசையா?" என்று பின்வரிசையிலிருந்து சித்தப்பா கேட்டார்.

நடந்தது இதுதான். அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் பலவும் ஆங்கில எழுத்துக்குத் தமிழ் வேஷம் கட்டியவை. நான் ‘த’ என்று அடித்தபோதெல்லாம் கம்ப்யூட்டர் தனக்குள் ‘j’ என்றுதான் எழுதிவைத்திருக்கிறது. நான் அடித்த எழுத்துரு கோயில் லேப்டாப்பில் இல்லை; வேஷத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு நடிகர்களை மட்டும் கோயிலுக்குக் கூட்டி வந்திருந்தேன்.

லேப்டாப்பில் இருந்த வேறொரு தமிழ் எழுத்துருவை மாற்றிப் போட்டேன். தமிழ் வந்தது! ஆனால் அதில் எழுத்துகளின் இடமே வேறு. ஒரு சொல்லும் வாயில் நுழையவில்லை. பழையபடியே மாற்றிவிட்டு, தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். கீபோர்டுக்காரர் முன்னிசையைத் திரும்பத் திரும்ப வாசித்தார். சனம் வாயைத் திறக்கவில்லை. அக்கா அழப்போகிறாள் என்று நினைத்தபோது எனக்கே கண் கலங்கியது.

அக்கா எழுந்தாள். முக்காட்டைப் பின்னால் தள்ளினாள். சனத்தின் பக்கம் திரும்பி, பூச்செண்டை உயர்த்தித் தாளம் காட்டியபடி பாட ஆரம்பித்தாள். அவள் ஒரு வரி பாட, கோயில் முழுக்க அதைத் திருப்பிப் பாடியது.

"ஒக்காரு ஜெசி, எல்லாரும் பாக்குறாக," என்றார் மச்சான், மாப்பிள்ளைக் கோலத்தில் வேர்த்துப்போய்.

"பொறுங்க, இன்னும் ரெண்டு அடி இருக்கு."

தாலி கழுத்தில் ஏறிய கையோடு அடுத்த பாட்டுக்கும் சுருதி கொடுத்தாள். எதையும் பார்த்துப் பாடவில்லை, எங்கும் தடுமாறவில்லை. அவளுக்குத் தம்பியாகப் பிறந்ததற்கு நான் அன்றைக்குப் பட்ட பெருமை கொஞ்சமல்ல.

இப்போது யூனிகோடு வந்து ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் சொந்த எண் கொடுத்துவிட்டது. எந்தப் போனில் திறந்தாலும் தமிழ் தமிழாகவே நிற்கிறது. என்ன செய்ய, கல்யாண வீடியோ மட்டும் மாறவில்லை. அதில் அக்கா பாடிக்கொண்டிருக்கிறாள், அவள் தலைக்கு மேலே என் லத்தீன்.

ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் மச்சான் அதைப் போட்டுவிடுவார். உடனே அவர்கள் மகள் கரண்டியைப் பூச்செண்டாக உயர்த்திக்கொண்டு, சுவரில் உள்ளதை அதே ராகத்தில் பாடுவாள்: "ஜே... பி... யு... கே... இசட்... ஜே..."

நான் முகத்தை மூடிக்கொள்வேன். அடுக்களையிலிருந்து அக்கா குரல் வரும்:

"சுருதி எறங்குதுடி, மேல எடு!"