சாம்பலாயியின் வம்சாவளிச் சான்றிதழ்

ஒரு காட்டில், செல்போன் கோபுரம் வந்து இரண்டு வருஷம் ஆன பிறகு, சாம்பலாயி என்றொரு பூனை இருந்தாள். அதற்கு முன்னாலும் இருந்தாள். ஆனால் கதை சொல்லும்படி அவளுக்கு ஒரு கெடுதலும் அப்போது நடக்கவில்லை.

காட்டின் பொதுத் தானியக் கிடங்குக்கு அவள்தான் காவல். ஏழு வருஷமாக எலி பிடிக்கிறாள். காலையில் ஒரு கிண்ணம் பால், பிடித்த எலி அவளுக்கே, படுக்கக் கிடங்கின் பின்னறை, இவ்வளவுதான் சம்பளம். அந்தப் பின்னறையில்தான் பொட்டு என்கிற ஒரே மகளை வைத்து வளர்த்தாள். வேலை போனால் அறையும் போகும். அறை போனால் தாயும் மகளும் மழையில் நிற்க வேண்டியதுதான்.

கிடங்கு மேலாளர் ஞானமுத்து என்கிற கரடி. கையில் செல்போன் வரும்வரை யாருக்கும் தொந்தரவில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தவர். ஒருநாள் அதில் பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர் என்ற உயர்ரகப் பூனையைப் பற்றிப் படித்துவிட்டார். உருண்டை முகம், செம்பு நிறக் கண், நீலம் கலந்த சாம்பல் நிறம், வெல்வெட் மாதிரி அடர்ந்த குட்டை முடி. தூக்கிக் கொஞ்சினால் பிடிக்காதாம், தானாக வந்து பக்கத்தில் உட்காருமாம். படித்த கரடிக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாளே கதவில் அறிவிப்பு ஒட்டினார். இனிமேல் வம்சாவளிச் சான்றிதழ் உள்ள குட்டைமுடிப் பூனைக்கு மட்டுமே காவல் வேலை. இப்போது இருக்கும் பூனை ஒரு மாதத்துக்குள் சான்றிதழ் தராவிட்டால் அறையைக் காலி செய்ய வேண்டும்.

சாம்பலாயி போய்ப் படத்தைப் பார்த்தாள். முகம், கண், நிறம், முடி எல்லாம் அச்சு அசலாக அவளேதான்.

"ஐயா, இது நான்தானே?"

கரடி படத்தையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். "பார்த்தா அப்படித்தான் இருக்கு. ஆனா பேப்பர் இல்லையேம்மா."

அது என்ன குட்டைமுடி? அந்தக் காட்டில் எந்தப் பூனை ஜடை பின்னிப் பூ வைத்துக்கொண்டு திரிந்தது? யாராவது ஒருத்தர் கேட்டிருக்கலாம். நமக்கேன் வம்பு என்று எல்லாரும் போய்விட்டார்கள். நானும்தான்.

பதிவு அலுவலகத்தில் வரிசை ஆற்றங்கரை வரைக்கும் நின்றது. சாம்பலாயிக்கு முன்னால் நின்ற முயல், பிறந்த குட்டிகளின் பெயரைச் சேர்க்க வந்திருந்தது. வரிசையில் நிற்கும்போதே இன்னும் நான்கு பிறந்துவிட்டதால் படிவத்தை முதலிலிருந்து நிரப்பிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள்தான் சாம்பலாயி ஜன்னலருகே போனாள். உள்ளே குமாஸ்தா ஆமை. ஏழு தலைமுறைப் பெயர் வேண்டும், முதலில் அப்பா பெயரைச் சொல் என்றது. அப்பா மதில்மேல் வந்தார், மதில்மேலேயே போய்விட்டார், அவர் பெயரை அம்மா கேட்டுக்கொள்ளவில்லை என்றாள் இவள். அப்படியானால் 'மதில்' என்று போட்டுக்கொள்கிறேன், மதிலின் இருப்பிடச் சான்று கொண்டுவா என்று ஆமை ஜன்னலைச் சாத்திவிட்டது.

அப்படி அவள் வாசலில் உட்கார்ந்திருந்தபோதுதான் எலிகளின் தலைவன் தணிகாசலம் வந்தான். பத்தடி தள்ளியே நின்றான். அலுவலகத்தின் பழைய பதிவேடுகளை மூன்று தலைமுறையாகத் தின்று வளர்ந்த குடும்பம் அவனுடையது. எந்தக் கட்டத்தில் என்ன எழுதினால் முத்திரை விழும் என்பது ஆமையைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும்.

"அக்கா, உங்க ஏழு தலைமுறையை நான் எழுதித் தரேன். நமக்குள்ள எத்தனை வருஷப் பழக்கம்."

பழக்கம்தான். அவனுடைய பெரியப்பா, இரண்டு சித்தப்பா, ஒரு மாமனார், எல்லாருமே சாம்பலாயிக்கு நல்ல பழக்கம். உனக்கு இதில் என்னடா லாபம் என்று கேட்டாள். புதுப் பூனை வந்தால் அதன் குணம் எப்படியோ, தெரிந்த பூனையே இருந்துவிட்டுப் போகட்டுமே என்றான். அவளுக்கு நம்பிக்கையில்லை. ஆனால் வானம் கருத்துக்கொண்டு வந்தது, பொட்டுவுக்கு வேறு சளி. விண்ணப்பத்தின் அடியில் பாதத்தை வைத்து அழுத்தினாள்.

ஒரே வாரத்தில் சான்றிதழ் வந்தது. கொள்ளுத்தாத்தா லண்டனில் ஒரு பிரபுவின் சோபாவில் பிறந்தாராம். கரடி அதைச் சட்டம் போட்டு மாட்டி மாலையும் போட்டார். பார்த்தவர்கள் யாரோ தவறிவிட்டதாக நினைத்து சாம்பலாயியிடம் துக்கம் விசாரித்தார்கள்.

சான்றிதழின் பின்னால் ஒரு பராமரிப்புக் கையேடும் இணைக்கப்பட்டிருந்தது. தணிகாசலத்தைத் தவிர யாரும் அதைக் கவனித்திருக்கவில்லை. அவன் எடுத்துக் காட்ட, கரடி சத்தம் போட்டுப் படித்தார். இந்த ரகம் சீக்கிரம் பெருத்துவிடும், ஆகவே அளந்த உலர்தீனி மட்டும் தர வேண்டும், வேட்டை கூடாது. வெளியே விடக் கூடாது, தூங்கும்போது எழுப்பக் கூடாது. வாரம் ஒருமுறை முடி சீவ வேண்டும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நகம் வெட்ட வேண்டும், தொலைந்துபோகாமலிருக்கக் கழுத்தில் மணி கட்ட வேண்டும். இதற்கெல்லாம் சின்னக் கையும் கூர்மையான பல்லும் உள்ள ஊழியர்கள் தேவைப்பட்டார்கள். பதினோரு எலிகள் விண்ணப்பித்தன, பதினொன்றுக்கும் வேலை கிடைத்தது.

முதல் நகத்துக்கே சாம்பலாயி கையை இழுத்துக்கொண்டாள். தணிகாசலம் பொறுமையாக, "கொடுங்கக்கா, கையேட்டுல இருக்கு" என்றான். கரடியைப் பார்த்தாள். கொள்ளுத்தாத்தா பெயரைக் கெடுக்காதே என்றார் அவர். கொடுத்தாள். பதினெட்டு நகமும் போனது. பிறகு மணியும் ஏறியது. எலிகள் காலங்காலமாகக் கூட்டம் போட்டுப் பேசியும் முடியாத காரியம், ஒரு கைநாட்டும் முத்திரையுமாக முடிந்தது.

அதையும் பொறுத்துக்கொண்டாள், அறை இருக்கிறதே என்று. அப்புறம்தான் கரடி கடைசிப் பக்கத்தைப் படித்தார். சான்றிதழ் இல்லாத பூனைகளோடு பழகவிடக் கூடாது, நோய் தொற்றும். அன்று மத்தியானமே பொட்டுவை வெளியே அனுப்பினார்கள். யாருக்காக அந்தப் பாழாய்ப்போன காகிதத்தை வாங்கினாளோ, அந்தப் பிள்ளை ஜன்னலுக்கு வெளியே மழையில் நனைந்துகொண்டு நின்றது. சாம்பலாயி, உயர்ரகத்துக்கென்று மாற்றிக் கொடுத்திருந்த முன்னறையில், மெத்தைமேல் உட்கார்ந்து அழுதாள். கண்ணில் நீர் வடிந்தால் ஈரத்துணியால் துடைக்க வேண்டும் என்று கையேட்டில் இருந்ததால் இரண்டு எலிகள் வந்து துடைத்துவிட்டன.

மூன்றே மாதத்தில் கிடங்கு காலி. விசாரணைக்கு நரி அதிகாரி வந்தார். முடி பளபளப்பு, எடை சரி, நகம் சுத்தம், எல்லாக் கட்டத்திலும் டிக். உயர்ரகப் பூனை பராமரிப்பில் சிறந்த கிடங்கு என்று கரடிக்குக் கேடயம் கொடுத்துவிட்டுப் போனார். ஆனாலும் புது அறுவடை வருகிறதே. கரடி யோசித்து இன்னொரு அறிவிப்பு ஒட்டினார். எலி பிடிக்கத் தெரிந்த சாதாரணப் பூனை தேவை, தங்கப் பின்னறை உண்டு, உயர்ரகப் பூனைகளும் அவற்றின் வாரிசுகளும் விண்ணப்பிக்க வேண்டாம்.

வரிசையில் பொட்டுதான் முதலாவதாக நின்றாள். இளைத்துப் போயிருந்தாள், நகம் மட்டும் நன்றாக வளர்ந்திருந்தது. கரடி முகத்தைப் பார்க்காமல் படிவத்தை எடுத்தார்.

"அம்மா பெயர்?"

பொட்டு ஜன்னலைப் பார்த்தாள். உள்ளே சாம்பலாயி சட்டென்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள், பிள்ளை பொய் சொல்லச் சிரமப்படக் கூடாதே என்று. கழுத்து மணி மட்டும் லேசாகக் குலுங்கியது.

"தெரியாதுங்கய்யா," என்றாள் பொட்டு.

வேலை கிடைத்தது, பின்னறையும் கிடைத்தது. தாய்க்கும் மகளுக்கும் நடுவில் இப்போது ஒரு சுவர்தான். மறுநாள் நகம் வெட்டப் பத்து எலிகள்தான் வந்தன. தணிகாசலத்தைக் காணோம். சாம்பலாயி ஏனென்று கேட்காமல் கையை நீட்டினாள்.

நீதி: எலி பிடிக்கத் தெரிந்தவர்கள் தயவுசெய்து பூனை என்று சான்றிதழ் வாங்க வேண்டாம். வாங்கித் தொலைத்துவிட்டால், பெற்ற பிள்ளைக்காவது உங்களைத் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.