கூடக்கொஞ்சரும் பன்னிரண்டாவது தொட்டியும்

கூடக்கொஞ்சர் என்றொரு இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒட்டிய கடிதத்தின் மேல் இன்னொரு தடவை பசை தடவுகிறவர், மூடிய குழாயைத் திருகித் திருகிக் கடைசியில் கைப்பிடியைக் கையோடு எடுத்து வருகிறவர், மேசைமேல் இருக்கும் பிளாஸ்டிக் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதோடு நிற்காமல், "வாடின மாதிரி இருக்கே, கூடக் கொஞ்சம் ஊத்து" என்கிறவர்.

அப்படி ஒருவர் மண் ஆய்வுக்கூடத்துக்குத் தலைவரானால் என்ன ஆகும்? அங்கே கண்ணாடிப் புட்டி கழுவும் அக்காவைக் கேட்க வேண்டும். ஆனால் சொல்லமாட்டாள். அவளுக்குக் கண் பெரிது, வாய் சிறிது.

நாற்றம் வராமலிருக்க வெள்ளி கலந்த காலுறை விற்கிறார்கள் அல்லவா, அதைத் துவைத்த தண்ணீர் போய்ச் சேரும் மண்ணில் பாக்டீரியா என்ன பாடு படுகிறது என்பதுதான் ஆய்வு. பன்னிரண்டு தொட்டி மண். பதினொன்றில் வெள்ளிக் கரைசல். பன்னிரண்டாவதில் ஒன்றும் ஊற்றக் கூடாது. மற்றதையெல்லாம் அதோடுதான் ஒப்பிட வேண்டும். ஒன்றரை வருஷமாக ஆய்வு மாணவி அந்தத் தொட்டியைக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டாள். அடுத்த மாதம் பட்டத்துக்கு ஆய்வேடு கொடுக்க வேண்டும்.

ஆரம்பத்தில் பாக்டீரியா கூட்டம் கூட்டமாகச் செத்தது. தப்பிப் பிழைத்தவை, உள்ளே வந்த வெள்ளியை வந்த வழியே வெளியே தள்ளின. அக்கம்பக்கத்துக்கும் அந்த வித்தையைக் கொடுத்தன. "கூடக் கொஞ்சம் போடு!" என்றார் தலைவர். போட்டார்கள். பிழைத்தன. "கூடக் கொஞ்சம்!" வெள்ளியிலேயே குடியும் குடித்தனமுமாக உட்கார்ந்துவிட்டன.

ஆட்களுக்கும் அதே மருந்துதான். ஒரு காலத்தில் அவர் கத்தினால் எல்லாருக்கும் கைகால் ஓடாது. கூடக் கொஞ்சம் கத்தினார். இப்போது அவர் கத்தும்போது காவலாளி நகம் வெட்டுகிறார். புதிதாக வருகிறவருக்கு முதல் நாளே, "மூணு தரம் தலையாட்டு, அப்புறம் மூக்கைச் சொறி, போயிடுவார்" என்று தட்டச்சர் சொல்லிக்கொடுத்துவிடுவார். அக்காவுக்கு மட்டும் இன்னும் பழகவில்லை. அவர் கனைத்தாலே கை நடுங்கும்.

அன்று காலை மாணவி ஓடிவந்தாள். பன்னிரண்டாவது தொட்டியின் பாக்டீரியாவை வெள்ளி கலந்த சோதனைத் தட்டில் வைத்தால் சாக வேண்டும். அதுவோ, மாமியார் ஊருக்குப் போன வீடு மாதிரி கும்மாளம் போட்டது.

"யாரோ இதுலயும் வெள்ளி ஊத்தியிருக்காங்க சார்! என் ஒன்றரை வருஷம் போச்சு!"

"யாரு?" தலைவர் கத்தினார். கூடக் கொஞ்சம் கத்தினார். தலைகள் ஆடின. மூக்குகள் சொறியப்பட்டன.

அவர் அக்காவிடம் திரும்பினார். "தினமும் தொட்டிப் பக்கம் போறது நீதானேம்மா? நாளைலேர்ந்து வேலைக்கு வராதே."

அக்காவின் கையிலிருந்த புட்டி விழுந்து உடைந்தது.

"சார்... நீங்கதான் சார். மூணு மாசமா, வீட்டுக்குப் போறப்பல்லாம். 'பாவம், இதுக்கு மட்டும் ஒண்ணுமே போடலியே'ன்னு ஒரு மூடி ஊத்துவீங்க. வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து கூடக் கொஞ்சம் ஊத்துவீங்க. பெரிய படிப்புப் படிச்சவரு, சரியாத்தான் இருக்கும்னு சும்மா இருந்துட்டேன்."

ஆடிக்கொண்டிருந்த தலைகள் நின்றன. தலைவர் மோவாயைத் தடவினார்.

"அப்படியா? அப்போ நான் ஊத்தினது போதல."

மாணவி அழுதேவிட்டாள். "முதல்லேர்ந்து செய்யணும் சார். இன்னொரு ஒன்றரை வருஷம்!"

"அவ்வளவுதானே? கூடக் கொஞ்சம் எடுத்துக்கோ. ஏம்மா, நீயும் வேலைக்கு வா. கூடக் கொஞ்சம் சீக்கிரமா வா."

அக்கா மூன்று தரம் தலையாட்டினாள். மூக்கைச் சொறிந்தாள். கை நடுங்கவில்லை.

மாணவியின் புதுத் தொட்டி இப்போது அக்காவின் வாளிக்குப் பின்னால், பழைய சாக்குக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. பழைய இடத்தில் அக்கா, பன்னிரண்டு என்று எழுதி வெறும் மணல் தொட்டி வைத்திருக்கிறாள். தலைவர் அதற்கு ஒரு மூடி ஊற்றி, திரும்பி வந்து இன்னொரு மூடி ஊற்றி, நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார்.

நீங்கள் அந்த இனம் இல்லையே? சந்தோஷம். ஆனால் இந்த இடத்துக்கு வந்ததும், 'நல்லாத்தான் இருக்கு, கூடக் கொஞ்சம் எழுதியிருக்கலாம்' என்று மனசுக்குள் ஒரு குரல் கேட்டால், தயவுசெய்து எந்த மண் தொட்டிப் பக்கமும் போய்விடாதீர்கள்.