பதினைந்து கறுப்புக் கட்டைகள்

"வெள்ளிக்கிழமை டைரக்டர் வர்றார். ஹால்ல சும்மா கிடக்கிற பியானோவை நீங்க வாசிக்கிறீங்க," என்றார் மேனேஜர். "உங்க வேலை நிரந்தர ஆர்டரும் அன்னிக்கே கைல."

புது கிளார்க் பியானோவைத் தொட்டதுகூட இல்லை. ஆனால் விண்ணப்பத்தில் 'பொழுதுபோக்கு' என்ற கட்டத்தில் பியானோ என்று எழுதியவள் அவள்தான். வேறென்ன எழுதுவாள்? அவள் வீட்டில் பொழுது தானாகத்தான் போகும். யாரும் போக்க உட்கார்ந்ததில்லை. அதையெல்லாம் ஒரு கேள்வி என்று கேட்கிறார்களே என்ற கடுப்பில், இருப்பதிலேயே பெரிய சாமானாகப் பார்த்து எழுதிவிட்டாள்.

"சார், வலது கையில சுளுக்கு."

"இடது கை இருக்கே? இன்னும் விசேஷம். 'ஒற்றைக் கைக் கச்சேரி'னு நோட்டீஸ் ஒட்டிடறேன்."

"ஐயோ, சுளுக்கு விட்டுடுச்சு சார்!"

"அப்ப ரெண்டு கையும்னு போட்டுடறேன்."

வீட்டில் அக்கா நான்கு காலண்டர் தாள்களை ஒட்டிக் கொடுத்தாள். அதில் பியானோ வரைந்தார்கள். பாடம் நடத்தியது போன் வீடியோவில் ஒரு வாத்தியார். திரையில் பாதி விரிசல். மீதியை அவர் கை மறைத்தது. தெரிந்த மட்டும் பார்த்துவிட்டு, இரண்டு வெள்ளைக்கு நடுவே ஒரு கறுப்பு என்று ஓர் இடம் விடாமல் மை பூசி முடித்தார்கள்.

கட்டைவிரல் ஒன்று, நடுவிரல் மூன்று, சுண்டுவிரல் ஐந்து. மூன்றும் ஒரே நேரத்தில் விழுந்தால் அது ஒரு கார்ட். சி, எஃப், ஜி என்று மூன்று கார்ட் வந்துவிட்டால் முக்கால்வாசிப் பாட்டை ஓட்டிவிடலாம் என்று வாத்தியார் சத்தியம் செய்தார்.

"மணிக்கட்டைத் தொங்கப்போடாதடி. உள்ளங்கைக்குள்ள பந்து இருக்கிற மாதிரி விரலை வளை," என்று அக்கா அதட்டினாள். காகிதத்தில் சத்தம் வராதே! அதையும் அவளே வாயால் போட்டாள். "டொய்ங்!"

"அது எஃப் அக்கா. டைங்னு வரணும்."

"எனக்கு டொய்ங்தான் வருது. பிடிக்கலைன்னா விரலையும் வாயையும் நீயே பார்த்துக்கோ, ஆபீசரம்மா."

மூன்றே நாளில் காகிதம் கிழிந்தது, விரல் தேறியது. கண்ணை மூடிக்கொண்டே சியிலிருந்து ஜிக்குத் தாவினாள்.

வெள்ளிக்கிழமை. டைரக்டர் வர அரைமணி நேரம் இருந்தது. ஆர்டர் பாதி வெளியே தெரியும்படி மேனேஜரின் சட்டைப் பையில் இருந்தது. அவள் பியானோவின் மூடியைத் தூக்கினாள். திக்கென்றது. இரண்டு கறுப்பு, ஒரு பொக்கை. மூன்று கறுப்பு, ஒரு பொக்கை. கடைசி வரைக்கும் அப்படியே. அடுத்த நொடி சந்தோஷம் தாங்கவில்லை. தப்பித்தோம்!

"சார், பதினஞ்சு கறுப்புக் கட்டையைக் காணோம்! இதுல எப்படி சார் வாசிக்கிறது?"

மேனேஜர் குனிந்து எண்ணினார். "அட ஆமா! இத்தனை வருஷமா என் கண்ணுல படலையே!" அவள் ஒரு கட்டையை நோக்கி விரலை நீட்டினாள். "தொடாதீங்க! கைரேகை!" என்று அலறினார்.

கச்சேரி ரத்தாகும் என்று பார்த்தால், விசாரணை ஆரம்பமானது. ஹால் சாவி வாட்ச்மேனிடம்தான் இருக்கும். அவர் ஓடி வந்தார். திறந்திருந்த பியானோவைப் பார்த்ததும் அவருக்கு வியர்த்து ஊற்றியது.

"பதினஞ்சு கறுப்புக் கட்டையை எங்கய்யா வித்தே?"

"கறுப்பா? சத்தியமா எனக்குத் தெரியாது சார். பிள்ளைகுட்டிக்காரன் சார்!"

மேனேஜர் அங்கேயே உட்கார்ந்து வேலைநீக்கக் கடிதத்தை எழுதினார். "சாட்சிக் கையெழுத்து நீங்க போடுங்க. இங்க விஷயம் தெரிஞ்சவங்க நீங்க ஒருத்திதானே. அப்புறம், நல்ல பியானோ எப்படி இருக்கும்னு ஒரு படம் எடுத்து வைங்க. டைரக்டருக்குக் காட்டணும்."

அவள் போனை எடுத்து வாத்தியாரை ஓடவிட்டாள். பார்த்த பாடத்தைத் தாண்டி ஓடியது. அந்த மனிதர் மூக்குக் கண்ணாடியைத் துடைக்க முதல்முறையாகக் கையை எடுத்தார். இரண்டு கறுப்பு, ஒரு இடைவெளி. மூன்று கறுப்பு, ஒரு இடைவெளி.

அப்படியானால் காலண்டர் தாளில்தான் கறுப்பு அதிகம். போனை அணைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். வாட்ச்மேன் கைகூப்பியபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் மேலேயே வந்த கோபத்தில் அவள் வீசிய பேனா மேசையில் உருண்டு கீழே விழுந்தது.

"சார், எதுவும் திருடு போகலை. பியானோன்னாலே இப்படித்தான் இருக்குமாம். எனக்கு வாசிக்கத் தெரியாது. பொய் எழுதினேன். வாட்ச்மேன் அண்ணனை விட்டுடுங்க."

மேனேஜர் போனைப் பார்த்தார், பியானோவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கடிதத்தைக் கிழித்தார். ஆர்டரைப் பைக்குள் ஆழமாகத் தள்ளிப் பொத்தானைப் போட்டார். "இன்னும் ஒரு வருஷம் தற்காலிகம்தான். பியானோவுக்கு உடம்பு சரியில்லைன்னு டைரக்டர்கிட்ட நான் சொல்லிக்கறேன்," என்றபடி வாசலுக்கு ஓடினார்.

வாட்ச்மேன் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"தெய்வம்மா நீ! கறுப்பை நான் தொட்டதே இல்ல தாயி, துணி காயப்போட உள்ள இருந்த கம்பியை மட்டும்தான் மொத்தமா உருவினேன்; நீ எந்தக் கட்டையை அமுக்கியிருந்தாலும் சத்தமே வந்திருக்காது."