மருவாதி சொன்ன ‘வந்துச்சு’

கெட்ட வார்த்தைக்குக்கூட ‘ங்க’ போட்டுத் திட்டத் தெரிந்த மனிதர், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும் ஒரே ஒருவர்தான். அவர் பெயர் மருவாதி. பெற்றவர்கள் வைத்த பெயர் கழுத்தில் தொங்கிய கேட் பாஸில் இருந்தது, அதை யாரும் படித்ததில்லை. மரியாதையை அவருடைய ஊரான மண்ணூரில் ‘மருவாதி’ என்பார்கள். மூச்சுக்கு மூச்சு அதையே சொல்லிக்கொண்டிருந்ததால் அதுவே அவருக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது.

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில், வருகைப்பதிவு பார்க்கும் டைம் ஆபீஸில் நான் வேலை பார்த்தேன். அவர் அங்கே ஸ்டோரில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். காண்ட்ராக்ட் ஆள். முப்பத்தைந்து வயது இருக்கும். சிலருக்கு மூக்கு நுனியில் கோபம் இருக்கும். இவருக்கு மூக்கு முழுவதும் இருந்தது. ஒரு நாள் லாரிக்காரர் ஒருவர் ஸ்டோர் வாசலை அடைத்து வண்டியை நிறுத்திவிட்டு, உள்ளே உட்கார்ந்து பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மருவாதி இறங்கிப் போனார்.

“இன்னாங்க, வூட்ல சொல்லிக்கினு வந்துட்டீங்களா? வண்டிய குறுக்கால வுட்டுக்கினு குந்திக்கினு கீறீங்களே, அறிவு கீதாங்க உங்களுக்கு? பேமானிங்க நீங்க! சரியான பேமானிங்க!”

லாரிக்காரருக்குப் பரோட்டா வாய்க்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. பிறகு, “மன்னிச்சுக்கங்க, இதோ எடுத்துர்றேங்க” என்று வண்டியைக் கிளப்பினார். ‘ங்க’ ஒரு தொற்றுவியாதி.

எங்கள் கம்பெனியில் யார் பெரியவர், யார் சின்னவர் என்று தெரிந்துகொள்ள கண்ணே வேண்டாம், காது போதும். டைரக்டருக்கு ‘ஐயா’. ஜப்பானிலிருந்து வரும் இன்ஜினியருக்குப் பெயரோடு ‘சான்’. பெர்மனன்ட் ஆட்களுக்கு ‘சார்’. டிரெய்னிக்குத் ‘தம்பி’. காண்ட்ராக்ட் என்றால், அவருக்குக் கல்யாண வயதில் பெண் இருந்தாலும் ‘டேய்’. ஆபீஸில் ஆண்கள் எல்லாரும் ‘சார்’, நான் மட்டும் ‘ஏம்மா’. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. மருவாதி என்னை ‘மேடம்’ என்பார். நான் அவரைச் ‘சார்’ என்பேன். ஒரு ஃபோர்க்லிஃப்ட் டிரைவரைச் சார் என்று கூப்பிடுகிறேன் என்று கேன்டீனில் என்னைக் கேலி செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

அந்த ‘டேய்’க்கு மருவாதி ஒரு வைத்தியம் வைத்திருந்தார். யாராவது சரக்கு அடுக்கிய பலகையைக் காட்டி “டேய், அந்த பேலட்ட எட்றா” என்றால், சாவியைத் திருப்பி ஃபோர்க்லிஃப்டை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். சத்தம் போட மாட்டார். பக்கத்தில் இருப்பவரிடம், “யாரோ டேய்ன்ற ஆளத் தேடிக்கினு கீறாங்க, இன்னான்னு கேளுங்க” என்பார். சூப்பர்வைசர்கள் இரண்டு மூன்று முறை பட்டுத் தெரிந்துகொண்டார்கள். உற்பத்தி லைன் நிற்பதைவிட ஒரு ‘ங்க’ மலிவு என்று அவர்களுக்குக் கணக்குத் தெரியும்.

“மருவாதில இன்னாங்க காண்ட்ராக்ட்டு, பெர்மனன்ட்டு?” என்று என்னிடம் ஒரு நாள் பொரிந்து தள்ளினார். “அந்த ஜப்பான் சார் வந்துச்சு. குனிஞ்சி கும்புட்டுச்சு. அப்பால பேசிச்சு. எவ்ளோ பெரிய ஆளு அது! இங்க கீறவங்களுக்கு இன்னாங்க கொறச்சலு, முதுகு வளையாதா?”

ஜப்பான் சாரை அவர் ‘வந்துச்சு’ என்றதை இங்கே கவனித்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் அது வசை இல்லை. ‘அவன்’ என்றால் மட்டம், ‘அவர்’ என்றால் யாரோ மூன்றாம் மனிதர். மனதுக்கு நெருங்கிய பெரியவர்களை ‘அது’ என்போம். அம்மா சொல்லிச்சு, அண்ணன் வந்துச்சு, டீச்சர் திட்டுச்சு. ஸ்ரீபெரும்புதூரில் நான் பிறந்து வளர்ந்த தெருவில் எல்லாரும் இப்படித்தான் பேசுவார்கள்.

மருவாதியின் கோபத்தில் ஒரு தடவை மாட்டியவர் வெல்டர் செல்வம். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், மருவாதிக்கு ஒத்த வயது, நாலைந்து பேரோடு மாத்தூரில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். ஒரு நாள் அன்பு மேலிட்டு, “வாலே, டீ குடிப்போம்” என்றார்.

“வாலா? யாருக்குங்க வாலு? நான் இன்னா கொரங்காங்க?”

“ஏல, கூட்டாளியள அப்படித்தாம்ல சொல்லுவோம். ‘வாங்க’ன்னா எங்கூர்ல வேத்தாளுல்லா?”

“வேத்தாளாவே இருந்துட்டுப் போறேங்க!”

ஒரு வாரம் இருவருக்கும் பேச்சு இல்லை. பிறகு எப்படியோ ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள். ‘ங்க’ மருவாதிக்கு, ‘லே’ செல்வத்துக்கு. “வாங்கலே, டீ குடிப்போம்.” தமிழ்நாட்டில் வேறு எங்கேயும் கேட்க முடியாத இந்தத் தமிழைக் கேட்டு லைனே சிரிக்கும். அவர்கள் இருவரும் சிரிக்க மாட்டார்கள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் புது மேனேஜர் வந்தார். கோயம்புத்தூர்க்காரர். அந்தப் பக்கத்து மக்கள் சின்னக் குழந்தையையும் ‘வாங்க கண்ணு’ என்பார்கள்; எனக்கு ரொம்பப் பிடித்த தமிழ் அது. இந்த மனிதரிடமும் அது இருந்தது, ஆனால் மேல்நோக்கி மட்டும்தான் ஓடும். டைரக்டர் போனில் வந்தால், “சரிங்க, ஆகட்டுங்க, செஞ்சர்றனுங்க” என்று தேன் ஒழுகும். போனை வைத்த மறு நிமிடம், “டேய், என்றா பண்ற?”

வந்த வாரமே ஸ்டோருக்குள் போய், “டேய், ரெண்டு பேலட்டையும் ஒண்ணா தூக்குடா” என்று கத்தினார். மருவாதி வழக்கம்போலச் சாவியைத் திருப்பினார். கையைக் கட்டினார். மேனேஜர் கத்தக் கத்த அவர் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். லைன் நின்றது. மறுநாள் காலை விசாரணை. வேலை இருக்குமா, கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டு அனுப்புவார்களா என்பது அதில்தான் முடிவாகும்.

எச்.ஆர். அதிகாரி சாதுவான மனிதர். அவர் மேஜைக்கு ஒரு பக்கம் மேனேஜர் உட்கார்ந்திருக்க, எதிரே மருவாதி நின்றார். சொல்வதை எழுதிக்கொள்ள நான்.

“இன்னா நடந்திச்சின்னா, சார் வந்துச்சு. ரெண்டையும் ஒண்ணா தூக்கச் சொல்லிச்சு. டேய்னு கூப்புட்டுச்சு. அதான் நான்...”

மேனேஜர் துள்ளி எழுந்தார். “கேட்டீங்களா? என்னைய அதுங்கறான்! நானென்ன எருமையா?”

மருவாதி உண்மையாகவே ஆடிப்போனார். “எருமைன்னு நான் சொல்லவேல்லைங்களே. நீங்களா சொல்லிக்கினா நான் இன்னாங்க பண்றது?”

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. “சார், எங்க ஊர்ல பெரியவங்களை அப்படித்தான் சொல்லுவோம். அது மரியாதைதான் சார்.”

“நீ சும்மா இரும்மா. உன்னையக் கேட்டனா?”

அதையும் எழுதிக்கொண்டேன். எச்.ஆர். அதிகாரி அவசரமாகக் குறுக்கே வந்தார். “சரி சரி. ஒரு மன்னிப்பு கேட்டுடுங்க. வேலையைத் தொடர்ந்து பாருங்க. இதோட விட்டுடலாம்.”

மருவாதிக்கு வீட்டில் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள். அது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

“கேக்கறேங்க. லைன் நின்னது தப்புதான். ஆனா சார் என்னப் பாத்து ‘கேளுங்க’ன்னு சொல்லட்டும். ஒடனே கேட்டுர்றேன்.”

“சார், ஒரு ‘ங்க’தானே சார்” என்று எச்.ஆர். அதிகாரி மெதுவாகக் கெஞ்சினார். ஒரே ஒரு ‘ங்க’. போனில் வீணாக ஊற்றுவதில் ஒரு சொட்டு. அதைக் கொடுத்திருந்தால் ஒரு குடும்பத்தின் சோறு அப்படியே இருந்திருக்கும். அந்த ஆள் கொடுக்கவில்லை.

“கேளுடா!”

மருவாதி கழுத்திலிருந்து கேட் பாஸைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். என் பக்கம் திரும்பினார்.

“மேடம், நான் சொன்னதுல ஒரு தப்பு கீதுங்க. பெரிய மனுசன்னு நெனச்சிக்கினு சொல்லிட்டேன். மாத்தி எழுதிக்கோங்க. வந்தான். தூக்கச் சொன்னான். டேய்ன்னான்.”

நான் எழுதினேன். கொஞ்சம் அழுத்தியே எழுதினேன்.

கேட் வரைக்கும் செல்வம் கையுறையைக்கூடக் கழற்றாமல் கூடவே ஓடினார். “போயிட்டு வாங்கலே... போயிட்டு வாங்கலே...” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

ஆனால் லைன் அதைச் சும்மா விடவில்லை. தெற்கத்திப் பையன்கள் அதுவரை மேனேஜரை மரியாதையாக “வந்தாவ, போனாவ” என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள். மறுநாளிலிருந்து எல்லாரும் மாற்றிக்கொண்டார்கள். “அது வந்துட்டா?” “வந்து கத்திட்டுப் போச்சு.” “இப்ப எங்க மேயுது?” மருவாதி கொடுத்த மரியாதையை வசை என்று சொன்ன மனிதருக்கு, அவர் கேட்ட வசையே கிடைத்தது. மாற்றலாகிப் போகும்வரை அவர் எங்களுக்கு ‘அது’தான். இதில் எனக்கு இன்றைக்கும் துளி வருத்தம் கிடையாது.

கொஞ்ச நாளில் நானும் வேறு வேலைக்குப் போய்விட்டேன். போன மாதம் ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தபோது, கம்பெனி பஸ் ஒன்றை வழிமறித்து ஒரு ஷேர் ஆட்டோ கத்திக்கொண்டிருந்தது. “ஆரன் அட்ச்சா நான் இன்னாங்க பறந்தா போவேன்? சாவுகிராக்கிங்க!” யாரென்று பார்க்கவே தேவையிருக்கவில்லை. ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.

மருவாதிக்குத் தலைகால் புரியவில்லை. “மேடம்! நல்லா கீறீங்களா மேடம்?” என்று பத்து தடவை கேட்டார். கொஞ்ச தூரம் போனதும் வண்டியை ஓரம் கட்டி, வீட்டுக்குப் போன் போட்டார்.

“நான்தான். நம்ம டைம் ஆபீஸ் மேடம் கீதுல்ல, அது நம்ம வண்டில ஏறிக்கினு கீது. ஆமா, எனக்காகப் பேசிச்சே, அதான். மழ வர்றா மாதிரி கீது, அத வூட்டாண்ட வுட்டுட்டு வரேன். சாப்டுச்சான்னு தெர்ல, இரு, கேக்கறேன்.”

திரும்பிப் பார்த்தார். “சாப்ட்டீங்களா மேடம்?”

வாய் நிறைய ‘சார்’ வந்தது. அதை விழுங்கினேன்.

“இல்லண்ணா” என்றேன்.